பழைய ஜீப் வண்டியைச் சிக்கனமாகப் புதுப்பித்தல்

சேலம், நாமக்கல் சமவெளிகளில் தோட்டமும் காடும் ஒருங்கே உடைய குடியானவருக்குத் தார் சாலை வரையில் போக்குவரத்துக் கஷ்டம் அதிகமில்லை. சாலையை விட்டு இட்டேரியில் இறங்கிய பிறகுதான் கஷ்டம் தொடங்குகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் செம்மண் தடங்கள் சேறாகி விடுகின்றன; ஓடைகளில் மணல் சேர்ந்து சக்கரங்களைப் பற்றிக்கொள்கிறது; கொல்லிமலை, போதமலை அடிவாரங்களில் உள்ள நிலங்களுக்குக் கல்லும் மேடுமான தடங்களே வழியாக இருக்கின்றன. இத்தகைய இடங்களுக்கு நான்கு சக்கரங்களாலும் இழுக்கும் ஜீப் வண்டி ஏற்றது என்பது யாவரும் அறிந்த விஷயமே. புதிய வண்டியின் விலை பலருக்கு எட்டாததாகையால், பழைய ஜீப் ஒன்றை வாங்கிச் சிறுகச் சிறுகப் புதுப்பித்துக்கொள்ளலாம் என்னும் எண்ணம் கிராமங்களில் அடிக்கடி எழுகிறது.

எண்ணம் நல்லதே. ஆயினும், இவ்வாறு தொடங்கப்பட்ட வேலை நடுவில் நின்றுபோய், பிரித்துப் போட்ட வண்டி மாட்டுக்கொட்டகையின் ஓரத்தில் துருப்பிடிப்பதும் உண்டு. பணம் முழுவதும் வர்ணத்துக்கும், பெரிய டயர்களுக்கும், விளக்குகளுக்கும் செலவாகி, பிரேக்குக்கு மிஞ்சாமற்போவதும் உண்டு. எதை முன்னே செய்வது, எதைப் பின்னே செய்வது, எதைத் தொடவே கூடாது என்னும் வரிசை தெரியாமையே இவ்விரண்டுக்கும் காரணம். அந்த வரிசையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஜீப் வந்த வழி

இரண்டாம் உலக யுத்தத்தின்போது அமெரிக்க ராணுவத்துக்காக 1941 முதல் 1945 வரை வில்லிஸ், போர்டு ஆகிய இரு தொழிற்சாலைகளும் ஒரே மாதிரியில் 6 லட்சத்துக்கு மேற்பட்ட ஜீப்புகளைச் செய்தன. யுத்தம் முடியும் தறுவாயில், 1945-ல், வில்லிஸ் தொழிற்சாலை பொதுமக்களுக்கென ஒரு ஜீப்பை வெளியிட்டது. அதனை முக்கியமாகக் குடியானவர்களுக்கே விளம்பரம் செய்தார்கள். கலப்பை இழுக்கவும், இயந்திரத்தின் சக்தியைப் பட்டை வழியாக வெளியே எடுத்து மரமறுக்கவும் பிற கருவிகளை ஓட்டவும் அதில் வசதிகள் அமைக்கலாயிற்று. உழவு வேலையில் டிராக்டருக்கு அது ஈடாகவில்லை. ஆனால் கரடுமுரடான தடத்தில் ஆளையும் சாமானையும் கொண்டு சேர்க்கும் வேலையில் அதற்கு இணை அக்காலத்தில் வேறில்லை.

இந்தியாவில் 1945-ல் தொடங்கப்பட்டு 1948-ல் மஹிந்திரா அண்டு மஹிந்திரா என்று பெயர் மாறிய கம்பெனி, 1949-ல் பம்பாய் மஜகானில் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டத் தொடங்கியது. பிற்பாடு உதிரி பாகங்களும் இந்நாட்டிலேயே செய்யப்பட்டன. 1952 அக்டோபர் 2-ஆம் தேதி சமுதாய அபிவிருத்தித் திட்டம் ஆரம்பமான பிறகு, வட்டார அபிவிருத்தி அதிகாரிகளின் ஜீப் கிராமந்தோறும் பழகிய வண்டியாயிற்று. வெகுகாலம் ஓடிய சி.ஜே. 3பி என்னும் மாதிரியில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 80 அங்குலம் இருந்தது. 1980-களில் பியூஜோ டீசல் இயந்திரம் பொருத்திய, சற்று நீளமான எம்.எம். 540 வந்தது. 1985-ல் மாருதி ஜிப்ஸி வந்தது. ராணுவத்துக்காக ஜபல்பூரில் செய்யப்பட்ட ஜோங்காவும் ஏலங்களின் மூலம் பொதுமக்கள் கைக்கு வந்தது. இன்று கிராமங்களில் கிடைக்கும் பழைய வண்டிகளில் இவற்றைச் சேர்ந்தவையே அதிகம்.

இவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுப்பவர், உதிரி பாகம் அருகில் கிடைக்கும் மாதிரியையே விரும்புதல் வேண்டும். அபூர்வமான வண்டி மலிவாகக் கிடைத்தாலும், ஒரு பல்சக்கரத்துக்காக மாதக்கணக்கில் காத்திருக்க நேரிடும். ஜோங்காவின் ஆறு சிலிண்டர் பெட்ரோல் இயந்திரம் பலமுள்ளதாயினும் எரிபொருளை மிகுதியாகக் குடிக்கும். தினமும் தோட்டத்துக்குப் போய்வர அது சிக்கனமாகாது.

முதலில் பார்க்க வேண்டியது புத்தகம்

வண்டியைப் பார்க்குமுன் பதிவுப் புத்தகத்தைப் பார்ப்பது புத்திசாலித்தனம். புத்தகத்திலுள்ள அடிச்சட்ட எண்ணும் இயந்திர எண்ணும் வண்டியில் வெட்டப்பட்டுள்ள எண்களோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருத்தல் வேண்டும். துருவைத் தேய்த்துவிட்டு, காகிதத்தை அதன்மேல் வைத்துப் பென்சிலால் உரசி அச்செடுத்துப் பார்ப்பதே நிச்சயமான முறை. எண்ணைச் சுற்றிப் பற்றவைத்த தடமோ, அரத்தால் ராவிய தடமோ தென்பட்டால், விலை எவ்வளவு மலிவானாலும் அவ்வண்டியை விட்டுவிடுதல் நலம்.

1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின்படி சொந்த உபயோக வண்டியின் பதிவு 15 வருஷங்களுக்குச் செல்லும். பிறகு பரிசோதனைக்குட்பட்டு ஐந்தைந்து வருஷங்களாகப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் வெகுவாக உயர்த்தப்பட்டிருப்பதால், அதனையும் வண்டியின் விலையோடு சேர்த்தே கணக்கிடுதல் வேண்டும். பதிவு காலாவதியான வண்டியாயின், பழைய அபராதமும் வரிப்பாக்கியும் எவ்வளவு என்று வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரித்த பின்பே விலை பேசலாம். வேறு மாநிலத்து வண்டியாயின் அங்குள்ள அதிகாரியின் ஆட்சேபணையின்மைச் சான்று அவசியம். வண்டி 12 மாதத்துக்கு மேல் இம்மாநிலத்தில் தங்குமாயின் இங்கே புதிய பதிவெண் பெற வேண்டும். கடன் கொடுத்தவரின் பெயர் புத்தகத்தில் இருந்தால், கடன் தீர்ந்ததற்கான சான்றையும் கேட்டு வாங்குதல் வேண்டும்.

கிராம உத்தியோகஸ்தர்களும் ஊராட்சியைச் சார்ந்தவர்களும் அறிய வேண்டிய மாறுதல் ஒன்று உண்டு. முற்காலத்தில் இலாகாக்கள் கழித்துவிட்ட ஜீப்புகளை ஏலத்தில் எடுத்துப் புதுப்பிப்பது வழக்கமாக இருந்தது. 2023 ஏப்ரல் 1 முதல் மத்திய, மாநில அரசுகளுக்கும், நகராட்சி, ஊராட்சி ஆகிய உள்ளாட்சி அமைப்புகளுக்கும் சொந்தமான, 15 வருஷம் கடந்த வண்டிகளின் பதிவு புதுப்பிக்கப்படுவதில்லை. அவை பதிவு பெற்ற உடைப்பு நிலையங்களுக்கே செல்ல வேண்டும். பாதுகாப்புப் படை முதலியவற்றின் விசேஷ வண்டிகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. ஆகையால், "ஆபீஸ் வண்டி, ஏலத்தில் வந்தது" என்று யாரேனும் விற்க வந்தால், அது எந்த வருஷத்து ஏலம் என்றும், அதன் பின் தனியார் பெயருக்குப் பதிவு மாறியதா என்றும் கேட்டறிதல் வேண்டும்.

50 வருஷம் கடந்த வண்டிகளைத் தொன்மை வண்டிகளாகப் பதிவு செய்ய 2021-ல் விதிகள் வந்துள்ளன. அவ்வாறு பதிவு செய்த வண்டியை அன்றாட உபயோகத்துக்கோ வியாபாரத்துக்கோ சாலையில் ஓட்டலாகாது. கண்காட்சிக்கு வைத்திருப்பவருக்கு அது பொருந்தும். எரு மூட்டையும் தீவனமும் ஏற்றவேண்டிய குடியானவருக்குப் பொருந்தாது.

மாற்றலாவதும் மாற்றலாகாததும்

சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரித்தவர் குறித்த விவரங்களுக்கும் பதிவுப் புத்தகத்துக்கும் மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் இதனை உறுதிப்படுத்தியது. அதே வருஷத்துத் திருத்தச் சட்டம், அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடமளிக்கிறது.

எனவே, அடிச்சட்டத்தை வெட்டி நீட்டுவதும், கூண்டு வண்டியைத் திறந்த சரக்கு வண்டியாக்குவதும், பெட்ரோல் ஜீப்பில் லாரியின் டீசல் இயந்திரத்தைத் திணிப்பதும் வேண்டாத வழக்குகளை விலைக்கு வாங்குவதாகும். முன்புறம் பெரிய இரும்புக் காப்புச் சட்டம் பொருத்துவதும் கூடாது. அது மோதுண்டவரை அதிகமாகக் காயப்படுத்தும் என்பதால், மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரில் மாநிலங்களுக்கு எழுதி அதனைத் தடுக்கச் செய்தது. தேய்ந்த இயந்திரத்துக்குப் பதிலாக அதே இனத்து வேறோர் இயந்திரம் வைக்க நேர்ந்தால், விலைச்சீட்டை வைத்துக்கொண்டு, பதிவு அதிகாரியின் ஒப்புதலுடன் புதிய எண்ணைப் புத்தகத்தில் ஏற்றிக்கொள்ளுதல் வேண்டும். விபத்து நேர்ந்த அன்று காப்பீட்டுக் கம்பெனி முதலில் கேட்பது அந்த எண்ணைத்தான்.

பழுதுபார்ப்பதும், தேய்ந்ததை மாற்றுவதும், துருவை நீக்குவதும், மூல அமைப்பின்படி உடலைத் திரும்பக் கட்டுவதும் மாற்றமாகா. சிக்கனமான குடியானவருக்கு இவ்வளவே போதும்.

அடிச்சட்டம்

பட்டறைகளில் சேஸிஸ் என்று வழங்கும் அடிச்சட்டமே வண்டிக்கு முதுகெலும்பு. மேலுடலைக் கழற்றிய பின், சட்டத்தைக் கம்பி புருசினால் தேய்த்துச் சிறு சுத்தியால் முழு நீளமும் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். உள்ளே துரு தின்ற இடம் மொத்தென்று ஒலிக்கும். கமான் பட்டைகள் தொங்கும் கொக்கிகளின் அருகிலும், குறுக்குச் சட்டங்கள் சேரும் மூலைகளிலும், ஸ்டீரிங் பெட்டி பூட்டிய இடத்திலும் வெடிப்புகள் தோன்றுவது இயல்பு. எனவே அவ்விடங்களை விளக்கு வைத்துப் பார்ப்பது அவசியம்.

சட்டம் கோணியிருக்கிறதா என்று அறியப் பெரிய கருவி ஏதும் வேண்டியதில்லை. சமமான தளத்தில் வண்டியை நிறுத்தி, இருபுறமும் ஒத்துள்ள துளைகளிலிருந்து கொத்தனாரின் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, தரையில் சுண்ணாம்புக் கட்டியால் புள்ளிகள் குறித்துக்கொள்க. முன் இடப் புள்ளியிலிருந்து பின் வலப் புள்ளிக்கும், முன் வலப் புள்ளியிலிருந்து பின் இடப் புள்ளிக்கும் நூல் பிடித்து அளந்தால், இரண்டும் ஒன்றாயிருத்தல் வேண்டும். வித்தியாசம் தெரிந்தால் வண்டி எங்கோ பலமாக மோதியது என்று பொருள். கோணிய சட்டத்தின்மேல் எவ்வளவு செலவு செய்தாலும், வண்டி ஒருபுறம் இழுத்துக்கொண்டே ஓடும். டயர்களும் ஒருபுறமாகத் தேயும்.

வெடிப்பைப் பற்றவைப்பவர், வெடிப்பின் இரு முனைகளிலும் சிறு துளையிட்டு அது மேலும் ஓடாமல் தடுத்து, பள்ளமாக ராவி, அதன் பிறகே பற்றவைத்தல் முறை. பற்றவைக்குமுன் பாட்டரியின் இணைப்பைக் கழற்றுவதும் எரிபொருள் தொட்டியை வண்டியிலிருந்து அகற்றுவதும் உயிர் காக்கும் முன்னெச்சரிக்கைகள். காலியான தொட்டியில் ஆவி நிறைந்திருக்கும். நிறைந்த தொட்டியைக் காட்டிலும் அது அபாயகரமானது.

நிறுத்துவனவும் திருப்புவனவும்

கையிலுள்ள பணத்தில் முதற்பங்கு பிரேக்குக்கே உரியது. மிகப் பழைய ஜீப்புகளில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே குழாய்த் தொகுதி செல்கிறது. எங்கேனும் ஒரு குழாய் வெடித்தால் நான்கு சக்கரங்களின் பிரேக்கும் ஒரே கணத்தில் போய்விடும். ஆகையால் இரும்புக் குழாய்களையும், ரப்பர் குழாய்களையும், மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர் ஆகியவற்றின் ரப்பர்களையும் பார்வைக்கு நன்றாயிருப்பினும் புதிதாக மாற்றிவிடுதல் வேண்டும். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் தன்மையுடையது. ஈரம் கலந்த எண்ணெய் நீண்ட இறக்கத்தின் சூட்டில் கொதித்து ஆவியாகும். அப்போது மிதிகட்டை தரையைத் தொட்டாலும் வண்டி நிற்காது. பழைய எண்ணெயை முழுவதும் வடித்துவிட்டுப் புதியதை ஊற்றுக.

பழைய பிரேக் லைனிங்குகளில் கல்நார் கலந்திருக்கலாம். டிரம்முக்குள் இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதுவது பட்டறைகளில் பழக்கமாயினும், அத்தூசி நுரையீரலுக்குக் கொடியது. ஈரத்துணியால் துடைத்தெடுப்பதே தக்கது.

வில்லிஸ் இனத்து ஜீப்புகளில் கைப்பிரேக் சக்கரங்களில் இல்லை. பின் சுழல்தண்டைப் பற்றிக்கொள்ளும்படி நடுவில் அமைந்திருக்கிறது. இதனை அறியாமல், கைப்பிரேக்கை நம்பி ஒரு பின் சக்கரத்தை ஜாக்கி வைத்துத் தூக்கினால், தூக்கிய சக்கரம் சுழன்று மற்றதை உருளவிடும். வண்டி ஜாக்கியிலிருந்து இறங்கிவிடும். தூக்குமுன் ஏனைய சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டைகள் அடைத்தல் அவசியம்.

அடுத்தது ஸ்டீரிங். சக்கரம் அசையாமல் கைவளையம் மட்டும் அதிகமாக ஆடுமாயின் எங்கே தேய்மானம் என்று ஒவ்வொன்றாகத் தேட வேண்டும். ஒருவர் வளையத்தை இருபுறமும் அசைக்க, மற்றொருவர் கீழே இணைப்புகளைத் தொட்டுப் பார்த்தால் ஆடும் இடம் தெரிந்துவிடும். ஒரு வேகத்தில் முன்சக்கரங்கள் படபடவென்று உதறுமாயின், அச்சின் முனைகளிலுள்ள திருப்பு பேரிங்குகள் தேய்ந்திருத்தல் கூடும். கமான் பட்டைகளில் ஒடிந்தவற்றை மட்டும் மாற்றி மூலக் கணக்கின்படி அடுக்குதல் நன்று. பாரத்துக்காகக் கூடுதல் பட்டைகள் சேர்த்தால், வெறும் வண்டி குதித்து ஓடும். சட்டத்தின் கொக்கிகள் வெடிக்கும்.

இயந்திரமும் எரிபொருளும்

புகையின் நிறம் இயந்திரத்தின் நிலையைக் கூறும். கரும்புகை எரிபொருள் மிகுந்ததையோ காற்று அடைபட்டதையோ காட்டும். நீலப்புகை எண்ணெய் எரிவதைக் காட்டும். சூடேறிய பின்னும் வெண்புகை வந்தால் எரியாத டீசலோ, உள்ளே கசியும் தண்ணீரோ காரணமாகும். விற்பவர் இயந்திரத்தை முன்பே சூடாக்கி வைத்திருந்தால் சந்தேகிக்க இடமுண்டு. குளிர்ந்த இயந்திரத்தைக் கிளப்பிப் பார்ப்பதே சரியான சோதனை. அழுத்தமானியால் ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளந்து, அவை ஒன்றுக்கொன்று ஏறக்குறையச் சமமாயிருந்தால், உடனே பிரித்துக் கடைய வேண்டிய அவசியமில்லை. அழுத்தம் குறைந்த சிலிண்டர் இருந்தால் மட்டும் பிரிக்கலாம். ஓடும் இயந்திரத்தை வீணாகப் பிரிப்பது பணவிரயத்துக்குப் பெருவாயில்.

ரேடியேட்டரில் கிணற்றுத் தண்ணீர் ஊற்றும் வழக்கத்தை நிறுத்த வேண்டும். ஆழ்துளைக் கிணறுகளின் உப்புநீர் குழாய்களுக்குள் சுண்ணாம்புபோல் படிந்து அடைத்துவிடும். சமவெளியில் தெரியாத இந்தக் குறை, மலையேற்றத்தில் இயந்திரம் கொதிக்கும்போதுதான் தெரியவரும். காய்ச்சி வடித்த நீரும் அதற்குரிய குளிர்விப்பு மருந்துமே உகந்தவை.

பெட்ரோல் ஜீப் வைத்திருப்போர் கவனிக்க வேண்டியது ஒன்று. இந்நாட்டுப் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 2025-ல் 20 சதவீதத்தை எட்டியது. பழைய ஜீப்புகள் செய்யப்பட்ட காலத்தில் அத்தகைய எரிபொருள் கிடையாது. எத்தனால் பழைய ரப்பர் குழாய்களையும் வார்களையும் ஊறச்செய்து கெடுக்கும். ஈரத்தை ஈர்த்துத் தொட்டியைத் துருப்பிடிக்கச் செய்யும். எத்தனாலைத் தாங்கும் குழாய்களை வாங்கி மாற்றுவதும், தொட்டியின் துருவை நீக்குவதும், பெட்ரோலை மாதக்கணக்கில் தேங்கவிடாமல் ஓட்டுவதும் பரிகாரங்களாகும். கசியும் குழாயால் தீ விபத்தே நேரக்கூடுமாகையால் இதனை அற்பமாக எண்ணலாகாது.

இரண்டு அச்சுகளும் ஓடும் முறை

பழைய ஜீப்பில் முன் அச்சு எப்போதும் இயங்குவதில்லை. சேறு, மணல், செங்குத்து ஆகிய இடங்களில் நெம்புகோலால் பூட்டிக்கொள்ள வேண்டும். காய்ந்த தார் சாலையில் பூட்டி ஓட்டலாகாது. வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிக தூரம் ஓடுகின்றன. சேற்றில் சக்கரம் சறுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிசெய்துகொள்ளும்; தாரில் சறுக்க இடமின்மையால் பல்சக்கரங்களும் சுழல்தண்டின் கிராஸ்களும் முறுக்கேறித் தேய்கின்றன. தாழ்ந்த கியரை முன் அச்சு பூட்டிய பிறகே போடுதல் வேண்டும். இல்லையேல் அந்த வலிமை முழுவதும் பின் அச்சின்மீதே விழும்.

வாங்குமுன் வயல் தடத்தில் முன் அச்சைப் பூட்டி ஓட்டிப் பார்ப்பது அவசியம். முன் அச்சின் பாகங்களைக் கழற்றி விற்றுவிட்டு, வெறும் கூட்டை மட்டும் வைத்திருக்கும் வண்டிகளும் உண்டு. அத்தகைய வண்டி தோற்றத்தில் மட்டுமே ஜீப்.

உடல் கட்டுதல்

இவ்வேலைக்கு நாமக்கல் வட்டாரத்தைப் போல் வசதியான இடம் அரிது. லாரிக்கு உடல் கட்டும் தொழில் நாமக்கல்லிலும், ஆழ்துளைக் கிணறு தோண்டும் இயந்திர வண்டிகள் திருச்செங்கோட்டிலும், லாரிப் போக்குவரத்து சங்ககிரியிலும் பெருகியிருப்பதால், கமான் அடிப்பவர், லேத் கடைபவர், தகடு வளைப்பவர், பற்றவைப்பவர், ரேடியேட்டர் ஈயம் பூசுபவர் யாவரும் அருகருகே கிடைக்கிறார்கள். ஒரே பட்டறையில் முழு வண்டியையும் ஒப்படைப்பதைக் காட்டிலும், ஒவ்வொரு பாகத்தையும் அதற்குரிய கைதேர்ந்தவரிடம் தாமே கொண்டுபோய்ச் செய்வித்தல் செலவைக் குறைக்கும். இடைநின்று நடத்துவதற்கு உடையவருக்கு நேரமும் பொறுமையும் இருத்தல் வேண்டும்.

லாரி கட்டிப் பழகிய கைகள் கனமான தகட்டையே விரும்பும். அங்கேதான் ஜாக்கிரதை தேவை. 3 மில்லிமீட்டர் இரும்புத் தகடு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 23½ கிலோ கனக்கும், 1.2 மில்லிமீட்டர் தகடு 9½ கிலோவுக்கும் குறைவு. தளத்துக்கும் பக்கங்களுக்கும் 4 சதுர மீட்டர் கனத்த தகடு போட்டால், 56 கிலோ, அதாவது ஓர் ஆளின் எடை, எப்போதும் வண்டியில் ஏறியிருக்கும். அந்த எடையை ஒவ்வோர் ஏற்றத்திலும் இயந்திரம் இழுக்க வேண்டும். ஒவ்வோர் இறக்கத்திலும் பிரேக் தாங்க வேண்டும். மூலத்தில் எவ்வளவு தடிப்போ அவ்வளவே போதும்.

இவ்வட்டாரக் குடியானவர்கள் கோழி எருவும் பொட்டாஷ் உரமும் ஏற்றுவது சகஜம். இரண்டும் இரும்பை விரைவில் அரிப்பவை. தளத்தின் தாழ்ந்த மூலைகளில் நீர் வடியத் துளைகள் விடுவதும், வர்ணத்துக்கு முன் துருத்தடுப்புப் பூச்சை அடிப்புறத்திலும் பூசுவதும், எரு ஏற்றிய நாளிலேயே கழுவிவிடுவதும் வண்டியின் ஆயுளை நீட்டிக்கும். பழைய மின்கம்பிகளை ஒட்டுப்போடாமல் புதிதாக இழுத்து, ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனி பியூஸ் வைத்தல் தீயினின்று காக்கும்.

டயரின் ஆசை

டயரைப் பெரிதாக்குவதும் வண்டியை உயர்த்துவதும் இளைஞர்களுக்கு மிகுந்த ஆசை. 29 அங்குல உயரமுள்ள டயருக்குப் பதில் 32 அங்குல டயர் போட்டால், சக்கரத்தின் சுற்றளவு பத்தில் ஒரு பங்கு கூடுகிறது. இழுக்கும் வலிமை அந்த அளவுக்குக் குறைகிறது; நிறுத்த வேண்டிய பலம் அந்த அளவுக்குக் கூடுகிறது; வேகமானியும் குறைத்துக் காட்டுகிறது. உயர்த்திய வண்டியில் சுழல்தண்டு கோணலாக நின்று கிராஸ்களைத் தின்னும். எல்லாவற்றிலும் முக்கியமாக, அச்சுகளுக்கிடையே 80 அங்குலமே உள்ள குறுகிய வண்டியின் பாரம் மேலே ஏறினால் அது எளிதில் கவிழும். மூல அளவில், ஆழ்ந்த பற்களுள்ள நல்ல டயர் நான்கும், உபரி ஒன்றும், சேற்றில் சற்றே காற்றைக் குறைத்து ஓட்டும் பழக்கமும் இருந்தால் இவ்வட்டாரத்துத் தடங்களுக்குப் போதும். சாலைக்குத் திரும்பியதும் காற்றை மறவாமல் நிரப்புக.

செலவின் வரிசை

வாங்கும் விலைக்குச் சமமான தொகையாவது கையில் மிச்சமில்லாதவர் பழைய வண்டியை வாங்காதிருத்தல் நலம். அந்த மிச்சத்தில் நான்கில் ஒரு பங்கை எதிர்பாராத செலவுக்கென்று ஒதுக்கிவிட வேண்டும். பிரித்த பிறகே தெரியும் குறைகள் நிச்சயம் இருக்கும். எஞ்சியதைப் பின்வரும் வரிசையில் செலவிடலாம்: முதலில் பதிவும் காப்பீடும், இரண்டாவது பிரேக், ஸ்டீரிங், டயர், மூன்றாவது அடிச்சட்டம், கமான், நான்காவது குளிர்விப்பும் எரிபொருள் குழாய்களும், ஐந்தாவது இயந்திரம், கியர், ஆறாவது மின்கம்பி, கடைசியில் தகடு, இருக்கை, வர்ணம். பணம் தீர்ந்தால் வர்ணமில்லாத வண்டி ஓடும். பிரேக் இல்லாத வண்டி ஓடலாகாது. முதற்சோதனையில் சட்டமே பழுதென்று தெரிந்தால், வேறு எதற்கும் செலவிடாமல் அங்கேயே நிறுத்திக்கொள்வதும் சிக்கனமே.

ஒரு நேரத்தில் ஒரு பகுதியையே பிரித்து, முடித்து, பூட்டிய பின் அடுத்ததைத் தொடுக. கழற்றிய திருகாணிகளைப் பழைய தகரடப்பாக்களில் இட்டு, எந்த இடத்தவை என்று எழுதி ஒட்டிவைக்க வேண்டும். பட்டறைக்காரரிடம் கூலி எவ்வளவு, சாமான் எவ்வளவு என்று தனித்தனியே எழுதி வாங்குவதும், மாற்றிய பழைய சாமானைத் திரும்பக் கேட்டுப் பெறுவதும் இருதரப்புக்கும் மனத்தாங்கல் வராமல் காக்கும்.

மலைச்சாலையில் சோதனை

புதுப்பித்த வண்டியை உடனே கொல்லிமலைக்கு ஓட்டிச்செல்வது தவறு. காரவள்ளியிலிருந்து மேலேறும் அச்சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஏறும்போது இயந்திரத்தின் குறையும், இறங்கும்போது பிரேக்கின் குறையும் ஒளிக்க இடமின்றி வெளிப்படும். முதலில் சமவெளியில் சில வாரங்கள் வெறும் வண்டியாக ஓட்டி, கசிவுகளைப் பார்த்து, சக்கரத் திருகாணிகளையும் கமானின் யூ போல்ட்டுகளையும் மறுபடி இறுக்குதல் வேண்டும். பிறகு சிறு பாரத்துடன் சிறு மேடுகளில் பார்க்கலாம். மலை இறங்கும்போது, ஏறுவதற்குத் தேவைப்பட்ட அதே கியரில் இறங்குவதும், இயந்திரமே வண்டியைப் பிடித்துக்கொள்ளும்படி விடுவதும், பிரேக்கை விட்டுவிட்டு மிதிப்பதும் முறை. கியரை நீக்கி உருளவிட்டு டீசலை மிச்சம் பிடிப்பது உயிரைப் பணயம் வைப்பதாகும்.

சொந்த உபயோகத்துக்குப் பதிந்த ஜீப்பில் கூலிக்கு ஆட்களையோ சரக்கையோ ஏற்றலாகாது என்பதையும், திருவிழாக் காலங்களில் வெளியே தொங்கவிட்டு ஆட்களை ஏற்றுவது எவ்வளவு கேடு என்பதையும் கிராம உத்தியோகஸ்தர்கள் தத்தம் ஊரில் எடுத்துரைத்தால் பெரிய உபகாரமாகும்.

யுத்தகளத்தில் எளிய கருவிகளைக் கொண்டே பழுதுபார்க்கும்படி அமைக்கப்பட்ட வண்டி ஜீப். அதன் பலம் அந்த எளிமையில் இருக்கிறது. மூல அமைப்பைக் காத்து, தேய்ந்ததை மட்டும் மாற்றி, கண்ணுக்குத் தெரியாத உறுப்புகளுக்கு முதலில் செலவிடும் குடியானவருக்கு அது இன்னும் பல வருஷங்கள் தோட்டத்து வேலைக்கு உதவும்.